வானொலியில் விளம்பர இடைவேளை: நிமிடக் கணக்கும் நொடிக் கணக்கும்

விளம்பர இடைவேளை எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்பதை விளம்பரப் பிரிவுதான் முடிவு செய்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. அதை முடிவு செய்வது நேயர் கணக்கெடுப்பு. கேட்பவர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்பது புரிந்துவிட்டால், பல நிலையங்களில் இடைவேளை ஏன் 20ஆவது நிமிடத்திலும் 50ஆவது நிமிடத்திலும் வருகிறது என்பதும் புரிந்துவிடும். அது புரியாமல் அடுத்த நிலையத்தின் கிளாக்கை (ஒரு மணி நேரத்தில் எது எந்த நிமிடத்தில் வரும் என்ற திட்டத்தை) எடுத்து ஒட்டிக்கொண்டால், நாம் விற்கும் நிமிடங்கள் வேறாக இருக்கும்போது எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக்கூடாது என்று தெரியாமல் போய்விடும்.

கணக்கின் அடிப்படை அலகு கால் மணி நேரம். ஒரு மணிக்கு நான்கு கட்டங்கள்: 00–15, 15–30, 30–45, 45–60. ஒரு நேயர் அந்தக் கட்டத்துக்குள் குறைந்தது 5 நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கால் மணி முழுவதும் நிலையத்தின் கணக்கில் சேரும். பிரிட்டனின் ராஜார் கணக்கெடுப்பில் 15 நிமிடத்துக்குள் 5 நிமிடம் என்பதே அளவு. அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதே அளவுதான் இருந்தது. அங்கே பெரிய நகரங்களில் நேயர்கள் உடன் வைத்திருக்கும் பிபிஎம் கருவி, ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காதபடி கலந்துவிடப்படும் குறியீட்டைப் பிடித்துக் கணக்கெடுக்கிறது. 2025 ஜனவரி முதல், அந்தக் கணக்கெடுப்பை நடத்தும் நீல்சன் நிறுவனம் பிபிஎம் நகரங்களில் 5 நிமிடத்தை 3 நிமிடமாகக் குறைத்துவிட்டது. இந்த ஒரு மாற்றத்தால் கிளாக் எப்படித் தளர்கிறது என்பதற்குப் பிறகு வருவோம்.

5 நிமிட விதியை வைத்து ஒரு நேயரை எடுத்துக்கொள்வோம். 8:05க்கு வந்தார், விளம்பரம் தொடங்கியதும் போய்விட்டார், திரும்பவில்லை. இடைவேளை 8:12க்கு இருந்தால் முதல் கட்டத்தில் 7 நிமிடம், ஒரு கால் மணி கிடைத்தது. அதே இடைவேளை 8:20க்கு இருந்தால் முதல் கட்டத்தில் 10 நிமிடம், இரண்டாவது கட்டத்தில் 5 நிமிடம். இரண்டு கால் மணி. நேயரும் அவரே, விளம்பரமும் அதுவே. எட்டு நிமிடம் தள்ளி வைத்ததில் கணக்கு இரட்டிப்பாகிவிட்டது.

இப்போது போனவரை விட்டுவிட்டு, இடைவேளை முடிந்த பிறகு வந்து சேரும் நேயரைப் பார்ப்போம். 15–30 கட்டத்தில் அவரும் கணக்கில் சேர வேண்டுமானால் அவருக்கு 5 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். அதாவது இடைவேளை 25க்குள் முடிய வேண்டும். ஆக, 20:00க்கு முன்னால் தொடங்கக்கூடாது, 25:00க்குப் பின்னால் நீளக்கூடாது. இதுதான் ஜன்னல். மணிக்கு இப்படி நான்கு ஜன்னல்கள் உண்டு: 05–10, 20–25, 35–40, 50–55. இவற்றுக்கு வெளியே வைக்கும் ஒவ்வொரு நிமிட விளம்பரத்துக்கும் நேயர் கணக்கில் ஏதோ ஓர் ஓரத்தில் நாம் விலை கொடுக்கிறோம். கால் மணிக் கோட்டைத் தாண்டிக் கிடக்கும் இடைவேளை, உதாரணமாக 12 முதல் 18 வரை, எல்லாவற்றிலும் மோசமானது. அது இரண்டு கட்டங்களையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது.

3 நிமிட விதி இருக்கும் இடத்தில் ஜன்னல் 18 முதல் 27 வரை, அதாவது 9 நிமிடமாக விரிகிறது. இதைப் பார்த்தவுடன் ‘அப்படியானால் இடைவேளையை நீட்டலாமே’ என்று விற்பனைப் பிரிவிலிருந்து குரல் வரும். விரிந்த இடத்தைப் பிழைக்கான இடமாக வைத்துக்கொள்வதே நல்லது. இடைவேளை ஓரிரு நிமிடம் முன்பின் ஆனாலும் கணக்குப் பழுதாகாது என்பதுதான் இந்த விதியால் கிடைக்கும் பெரிய லாபம். அதை விற்றுவிட்டால் மறுபடியும் நொடிக்கு நொடி பதற வேண்டியதுதான்.

இரண்டா, மூன்றா?

மணிக்கு 12 நிமிட விளம்பரம் விற்கும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடைவேளை வைத்தால் தலா 6 நிமிடம். 5 நிமிட ஜன்னலில் அது அடங்காது. மூன்று வைத்தால் தலா 4 நிமிடம். அடங்கும், ஒரு நிமிடம் மிச்சமும் இருக்கும். இரண்டு வைப்பதன் நன்மை, பாட்டு நீளமாகத் தடையின்றிப் போகும்: 26 முதல் 50 வரை ஒரு ஓட்டம், 56 முதல் அடுத்த மணியின் 20 வரை இன்னொன்று. ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு கால் மணிக் கோடுகளைத் தாண்டும். அதனால்தான் பாட்டை நம்பி நடக்கும் நிலையங்கள் இதை விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

எங்கள் சாய்வு மூன்றின் பக்கம். காரணம், நேயர் நிமிடத்தை எண்ணுவதில்லை, விளம்பரங்களை எண்ணுகிறார். 6 நிமிடத்தில் 30 நொடி விளம்பரங்கள் 12 வரும். ஏழாவதாக நிற்கும் விளம்பரதாரருக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பிபிஎம் தரவை வைத்து 2011ல் வெளியான ஆய்வு, இடைவேளைக்கு முன்பிருந்த நேயர்களில் சராசரியாக 93% பேர் இடைவேளையின்போதும் இருப்பதாகக் காட்டியது. விளம்பரம் வந்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்ற பயம் மிகை என்பது அதிலிருந்து தெரிகிறது. அந்த ஆய்விலேயே, குறுகிய இடைவேளையில் நேயர் தங்குவது அதிகம், நீண்டதில் குறைவு என்பதும் உண்டு.

மூன்று வைப்பதானால் 20, 35, 50. 05ஆவது நிமிட ஜன்னலைத் தொடாமல் விடுவது நல்லது. மக்கள் வானொலியைப் போடுவது பெரும்பாலும் மணி தொடங்கும் நேரத்தை ஒட்டித்தான். அலாரம், வேலைக்குக் கிளம்புவது, செய்தி எல்லாம் அங்கேதான் குவிகின்றன. வந்தவருக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே விளம்பரம் கேட்டால் அவர் நம்மிடம் தங்கக் காரணமே இல்லை.

எல்லா நிலையங்களும் இதே கணக்கைப் போடுவதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளம்பரம் வருகிறது. காரில் அடுத்த பொத்தானை அழுத்தினாலும் விளம்பரம்தான் கேட்கும். இது தற்செயலா, நிலையங்களுக்கு இதில் லாபம் உண்டா என்று பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் அமெரிக்க நிலையங்களின் தரவை வைத்து ஆராய்ந்து 2009ல் வெளியிட்டார். காரில் கேட்பவர்கள் அதிகமாக இருக்கும் காலை, மாலை நேரங்களில் ஒரே நேரத்தில் இடைவேளை விடும் போக்கு வலுவாகத் தெரிந்தது. சிறிய ஊர்ச் சந்தைகளில் அது இன்னும் தெளிவாக இருந்தது. தனியாக விலகி 28க்கு இடைவேளை வைத்து, அடுத்தவர் விளம்பரத்தில் தப்பி வரும் நேயரைப் பிடிக்கலாமே என்ற யோசனை அவ்வப்போது வரும். பிடிக்கலாம்தான். ஆனால் அடுத்த நிலையங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நம்மிடம் விளம்பரம் ஓடும். போதாததற்கு இடைவேளை 30ஆவது நிமிடக் கோட்டையும் தாண்டிவிடும்.

முறையான கணக்கெடுப்பே இல்லாத சமூக வானொலிக்கும் இணைய வானொலிக்கும் கால் மணிக் கணக்கு பொருந்தாது. அங்கே பேச்சு முடியும் இடத்தில் இடைவேளை விட்டால் போதும்.

மணிக் கணக்கு சரி, துண்டுக் கணக்கு தவறு

கிளாக் போடுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு மணியைக் கூட்டிப் பார்ப்போம். விளம்பரம் 12:00. செய்தி 2:30. ஸ்வீப்பர் (நடுவே வரும் சிறு ஒலித்துண்டு), நிலைய அடையாளம் எல்லாம் சேர்ந்து 1:00. ஆர்ஜே பேச்சு 3:00. அதில் பாதி பாட்டின் முன்னிசை மேலேயே பேசப்படுவதால் நிகரம் 1:30. மொத்தம் 17:00. மிச்சம் 43:00. பாட்டு சராசரி 4:18 என்றால் சரியாகப் பத்துப் பாட்டு. காகிதத்தில் அழகாக இருக்கிறது.

இப்போது இடைவேளைகளை 20:30, 35:30, 50:30 என்று வைத்துத் துண்டு போடுங்கள். செய்தி மணி அடிக்கும்போது தொடங்க வேண்டும். 54:30 முதல் 60:00 வரை 5:30, ஒரு பாட்டு. செய்தி முடியும் 2:30 முதல் 20:30 வரை 18:00. நான்கு பாட்டு 17:12, பேச்சுக்கு 48 நொடி. 24:30 முதல் 35:30 வரை 11:00. இரண்டு பாட்டு போட்டால் 8:36, மூன்று போட்டால் 12:54. 39:30 முதல் 50:30 வரையும் அதே 11:00. கூட்டினால் ஒன்பது பாட்டுக்குத்தான் இடம். பத்தாவது பாட்டை மென்பொருள் எங்கே கொண்டுபோய் வைக்கும்? 11 நிமிடத் துண்டு ஒன்றில் மூன்றாவதாக. அங்கே இடைவேளை கிட்டத்தட்ட 2 நிமிடம் தள்ளிப்போகும். தினமும், அதே மணியில்.

தீர்வு இரண்டு. அந்தத் துண்டுகளுக்கு 3:20 அளவுள்ள சிறிய பாட்டுகள் மூன்று என்று இசைப் பட்டியல் மென்பொருளில் தனி வகை வைக்கலாம். 10:00 போக ஒரு நிமிடம் பேச்சு. அல்லது இரண்டு பாட்டும், இரண்டு நிமிடத்துக்கு உருப்படியான ஒரு பேச்சுப் பகுதியும் வைக்கலாம். எதைச் செய்தாலும் துண்டு துண்டாகக் கூட்டிய பிறகே கிளாக்கை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஏறும்போது 2 முதல் 4 நொடி ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒன்பது பாட்டுக்கு அது அரை நிமிடத்தைத் தின்றுவிடும். ஒலிபரப்பைத் தானே ஓட்டும் ஆட்டோமேஷன் மென்பொருள்களில் சில இந்த மேல்விழுதலைக் கழித்து நேரம் காட்டும், சில காட்டாது. உங்களுடையது எந்த வகை என்று ஒரு நாள் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நேரலையில் பின்னோக்கிக் கணக்கிடுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். மணி 8:31:10. பாட்டு முடியப்போகிறது. இடைவேளை 8:35:30க்கு, 8:35:00க்கு முன் கூடாது, 8:36:00க்கு மேல் போனால் 4 நிமிட இடைவேளை 40ஐத் தாண்டும். கையில் இருப்பது 4:20. பட்டியலில் அடுத்து நிற்கும் பாட்டு 4:40. அதைப் போட்டால் 8:35:50க்கு முடியும், 25 நொடி பேச்சு சேர்ந்தால் 8:36:15. ஜன்னல் போச்சு. 3:50 பாட்டைப் போட்டால் 8:35:00; மேல்விழுதல் 3 நொடி போக 8:34:57. பேச்சு 25 நொடி, ஸ்வீப்பர் 5 நொடி. 8:35:27க்கு முதல் விளம்பரம். இந்தக் கணக்கைப் பாட்டு முடிய 20 நொடி இருக்கும்போது போட முடியாது. இரண்டு பாட்டுக்கு முன்பே போட்டு, மாற்றுப் பாட்டு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இலக்கு ஏன் 35:00 இல்லாமல் 35:30? 34:40க்கே விளம்பரம் தொடங்கிவிட்டால், அதில் போய்விடும் நேயருக்கு அந்தக் கட்டத்தில் 4:40தான் ஆகியிருக்கும். 20 நொடியில் ஒரு கால் மணி நழுவிவிடும். அரை நிமிடம் தள்ளி இலக்கு வைப்பது அந்த ஓரத்துக்கான காப்பு.

ஆட்டோமேஷனில் நேரக் கட்டளை

நேரம் குறித்த நிகழ்வுகளுக்கு எந்த மென்பொருளிலும் ஏறக்குறைய மூன்று வகைக் கட்டளைகள் இருக்கும்: ஓடுவதை வெட்டிவிட்டு உடனே தொடங்கு; ஓடுவது முடிந்ததும் இதை எடு; இத்தனை நிமிடம் வரை பொறு, அதற்கு மேல் வெட்டு. செய்திக்கு முதலாவது. விளம்பர இடைவேளைக்கு இரண்டாவது. இடைவேளைக்கு முதலாவதை வைத்தால் பாட்டு பாதியில் அறுந்து விளம்பரம் விழும். நேயர் மன்னிக்காத குறை இது.

இரண்டாவது வகையிலும் ஆபத்து உண்டு. 6:20 நீளப் பாட்டு 33:00க்கு ஏறினால் இடைவேளை 39:20க்குத்தான் தொடங்கும், 43:20க்கு முடியும். ஆகவே இடைவேளைக்கு முந்தைய இடத்தில் 5 நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டு வரக்கூடாது என்ற விதியை இசைப் பட்டியலிலேயே போட்டுவிட வேண்டும். அதைவிடப் பெரிய சேதம் மணியின் கடைசி இடைவேளையில் நடக்கும். 50:30க்கு வர வேண்டியது நழுவி 57:00க்குத் தொடங்கினால், 60:00க்குச் செய்தி வெட்டிக்கொண்டு வரும். கடைசி இரண்டு விளம்பரங்கள் போகவே இல்லை. சில மென்பொருள்கள் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். விடுபட்ட விளம்பரங்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் மணியின் கடைசி இடைவேளையில் நின்றவைதான் இருக்கும். கடைசி இடைவேளைக்கு மட்டும் மூன்றாவது வகைக் கட்டளையை வைத்து, 55:00க்கு மேல் பொறுக்காதே என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு. அப்போது பாட்டு அறுபடலாம். ஆனால் காசு வாங்கிய விளம்பரம் அறுபடாது.

கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்துடன் ஒத்திசைக்காமல் விட்டால் சாதாரணப் படிகம் நாளொன்றுக்கு 2 முதல் 4 நொடி வரை விலகும். ஒரு மாதத்தில் அது ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை ஆகிவிடலாம். விளம்பரம் ஓடும் கணினியும் செய்தி இணைப்பை எடுக்கும் கணினியும் ஒரே நேர ஆதாரத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது விளம்பரக் கோப்பு. ‘30 நொடி’ என்று வருவதில் முன்னால் 0.4 நொடி மௌனம், பின்னால் 0.7 நொடி மௌனம் இருக்கும். எட்டு விளம்பரத்துக்கு 9 நொடி. அதைவிட முக்கியம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நொடி ஓட்டை விழுவதால் இடைவேளையே இழுத்துக்கொண்டு போவதுபோல் கேட்கும். கோப்பை ஏற்றும்போதே மௌனத்தை வெட்டி, அடுத்தது தொடங்கும் குறியைக் கடைசிச் சொல்லுக்கு 0.2 நொடி பின்னால் வையுங்கள். சொல்லின் மேலேயே வைத்துவிடக் கூடாது. விளம்பரத்தின் கடைசியில் வருவது பெரும்பாலும் பெயரோ தொலைபேசி எண்ணோதான். அதன் மேல் அடுத்த ஜிங்கிள் ஏறினால் விளம்பரதாரர் கொடுத்த பணத்துக்கு அர்த்தமே இல்லை.

4 நிமிட இடைவேளையில் 3:40க்கு மேல் விற்காதீர்கள். மிச்ச 20 நொடியை நிலையத்தின் சொந்த அறிவிப்பு ஒன்று நிரப்பிக்கொள்ளும். நேரம் நெருக்கினால் அதைத் தூக்கிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே வகைப் பொருளின் இரண்டு விளம்பரங்கள் ஒரே இடைவேளையில் வரக்கூடாது. ஒரே குரல் கலைஞர் பேசிய இரண்டு விளம்பரங்களும் அடுத்தடுத்து வரக்கூடாது. பொருள் வேறாக இருந்தாலும் நேயர் காதில் அது ஒரே நீண்ட விளம்பரமாகத்தான் விழும். பொருள் வகை மோதலை மென்பொருள் தானே தடுக்கும். குரல் மோதலைத் தடுக்க, கோப்பில் குரல் கலைஞருக்கு ஒரு குறியீடு கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இடைவேளைக்குள் நுழையும் வாக்கியம் நேரத்தைப்போலவே முக்கியமானது. ‘ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு மீண்டும் சந்திப்போம்’ என்பது நேயரைக் கைகூப்பி வெளியே அனுப்பும் வாக்கியம். அடுத்து என்ன வருகிறது என்பதைக் குறிப்பாகச் சொல்லிவிட்டு நேராக விளம்பரத்துக்குள் போங்கள். திரும்பி வரும்போது நிலையத்தின் பெயர், உடனே நன்கு தெரிந்த பாட்டு. அங்கே 10 நொடிக்கு மேல் பேச்சு வேண்டாம்; நேயர் நான்கு நிமிடமாகப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேரடி விளையாட்டு வர்ணனையில் இந்தக் கிளாக் எதுவும் செல்லாது. ஓவர் முடிந்ததும் 20 நொடி ஒன்று, சில நேரம் 10 நொடி இரண்டு. அடுத்த பந்து விழுவதற்குள் திரும்பிவிட வேண்டும். விக்கெட் விழுந்தால் 30 அல்லது 40 நொடி கிடைக்கும். அதற்குத் தனி வரிசையை வேறு பொத்தானில் ஏற்றி வைத்திருப்பார்கள்.

அதே ஒலிபரப்பை இணையத்திலும் விடும் நிலையங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. இணையத்தில் விளம்பரத்தை மாற்றிப் போடும் சேவைகள், ‘இடைவேளை தொடங்கியது’ என்ற சைகையைப் பிடித்துத் தங்கள் விளம்பரங்களைச் செருகும். ஒலிபரப்பில் இடைவேளை 3:52, செருகியவை 4:00 என்றால் திரும்பும் பாட்டின் முதல் 8 நொடி இணைய நேயருக்குக் கேட்காது. மாறாக 3:45 என்றால் 7 நொடி மௌனம், அல்லது கடைசி விளம்பரத்தின் வால். சைகையோடு இடைவேளையின் உண்மையான நீளத்தையும் அனுப்புங்கள். செருகும் விளம்பரங்கள் அதற்குக் குறைவாகவே இருக்கட்டும், மிச்சத்தை நிரப்பப் பேச்சில்லாத இசைத் துண்டு ஒன்று வையுங்கள். இணைய ஓடை பல நொடிகள் தாமதமாகப் போவதால், நேரலைக்குச் சரியாக இருக்கும் நேர அறிவிப்பு அங்கே தவறாகிவிடும் என்பதையும் ஆர்ஜேக்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

தினமும் காலையில் முதல் வேலையாக, நேற்று ஓடிய பதிவையும் திட்டமிட்ட லாகையும் (ஒலிபரப்புப் பட்டியலையும்) பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். விடுபட்ட விளம்பரத்தை அதே வாரத்தில், அதே நேரப் பகுதியில் ஈடுசெய்ய வேண்டும். காலை 8 மணிக்கு வாங்கியதை நள்ளிரவில் போட்டுக் கணக்கை முடிக்கக்கூடாது. அதோடு, ஒவ்வோர் இடைவேளையும் உண்மையில் தொடங்கிய நேரத்தை ஏழு நாளுக்கு ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே மணியில் தினமும் தாமதம் என்றால் அந்த மணியின் துண்டுக் கணக்கையும் அங்கே பேசுபவரின் பேச்சு நீளத்தையும் பாருங்கள். தாமதம் ஒழுங்கில்லாமல் அங்குமிங்கும் வந்தால், இடைவேளைக்கு முந்தைய இடத்தில் நீளப் பாட்டுகள் நுழைகின்றன. எல்லா இடைவேளையும் நாளுக்கு நாள் இரண்டு மூன்று நொடி ஒரே பக்கமாக நகர்ந்தால் கணினிக் கடிகாரம். கடைசி இடைவேளை மட்டும் நேரத்துக்குத் தொடங்கியும் செய்திக்கு முன் நேரம் போதாமல் திணறினால், விற்ற நொடிகளையும் கோப்புகளின் உண்மை நீளத்தையும் கூட்டிப் பாருங்கள்.